வாவிக்கரைத் திடலும் கோணாமலையும்

தன்னாமுனை மீனவன் கோணாமலைக்கு இடது முழங்கால் மடங்காது. 1927இல் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அணியோடு நடந்த பந்தாட்டத்தில் போன கால் அது. எதிராளி கோல் கம்பத்துக்குக் கிட்ட வந்து ஓங்கி உதைத்தபோது குறுக்கே விழுந்து மறித்தான். பந்து நின்றது, எலும்பு முறிந்தது. ஊர் வென்ற சந்தோசத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போகவே கொஞ்ச நேரம் ஆளில்லை.

அந்த ஆட்டம் நடந்த திடல் முன்னர் வாவியோரச் சதுப்பு. ஊரார் மண் சுமந்து நிரப்பினார்கள். கோணாமலையும் அவன் கூட்டாளி, காத்தான்குடி உசனாரும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுமந்தவர்கள். பிறகு ஒரே அணியில் ஆடியவர்கள். துரைமாரும் முதலாளிமாரும் இருந்து பார்க்கத் தகரக் கூரையும் படிப்படியாய்ப் பலகை இருக்கைகளுமாக ஒரு மண்டபம் எழும்பியது. மண் சுமந்தவர்கள் புல்லில் குந்தினார்கள்.

நொண்டிக் காலோடு வந்தவனைத் தோணியில் ஏற்ற ஒருவரும் விரும்பவில்லை. திடலை நடத்திய பந்தாட்டக் கழகத்தார் இரங்கி அவனைத் திடலுக்குக் காவற்காரனாக்கினார்கள். புல் வெட்டினான், மாடு துரத்தினான். ஆனால் வீட்டில் உலை கொதித்தது மனைவி இலட்சுமிப்பிள்ளை வாவியில் இறங்கி இறால் பிடித்ததால்தான்.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் பட்டாளம் திடலை எடுத்துக்கொண்டது. கோணாமலை வேலிப் படலைக்கு வெளியே நின்றான். பட்டாளம் போனபின் பார்த்தால் திடல் முழுக்க லொறித் தடம், கூரையில் பாதித் தகரம் இல்லை, தூண்களில் கறையான். யாரும் சொல்லாமலே குழிகளை நிரப்பத் தொடங்கினான். மாலையில் பொடியன்மார் பந்தோடு வந்தார்கள்.

அந்த வருசம் கழகம் கூடியது. உசனார் இப்போது மரம் விற்கும் மரவாடிக்கு முதலாளி, கழகத்தின் தலைவர்.

"மண்டபம் விழப்போகுது. ஆள் செத்தா ஆரு பொறுப்பு? எல்லாத்தையும் பிரிச்சுப்போட்டு அந்த இடத்தில நெல் ஆலை வைப்பம்" என்றார்.

வாசலில் நின்ற கோணாமலை பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தான்.

"மண்டபத்தப் பிரியுங்க. அது உங்களுக்குக் கட்டினது. திடல விடுங்க. பொடியன்மார் எங்க போய் விளையாடுற?"

"உன்ட காலப் பாரு மச்சான். பந்து உனக்கு என்னத்தத் தந்தது?"

இரண்டொருவர் சிரித்தார்கள்.   கோணாமலை திரும்பி நடந்தான்.

உசனார் சொன்னபடியே கழகம் மண்டபத்தைப் பிரித்த அன்று அவரின் ஆட்கள் உளுத்த பலகைகளை விறகுக்கென்று கொண்டுவந்து அவன் வாசலில் இறக்கினார்கள்.

"திருப்பிக் கொண்டுபோகச் சொல்லு" என்றான் கோணாமலை மனைவியிடம்.

இலட்சுமிப்பிள்ளை கோடரியை எடுத்தாள். "மாரி வருகுது. விறகு எங்க கிடக்கு? உங்கட ரோசத்த வெச்சா நான் சோறாக்குற?"

பலகை பிளக்கும் சத்தம் கேட்காதிருக்க வாவிக்கரைக்குப் போய் இருந்தான். பசி தாங்காமல் மத்தியானம் திரும்பி வந்தான். அவள் அந்தப் பலகையை எரித்து ஆக்கிய சோற்றைப் போட்டாள். அவன் தின்றான்.