உரைபெயர்ப்பாளர் வெளியே போன நாள்

1. புதுச் சட்டை

நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதிர் அடுக்குமாடி புளோக்கில் எத்தனை ஜன்னல்கள் திறந்திருக்கின்றன என்று நான் காலையிலேயே எண்ணத் தொடங்கியதைப் பார்த்து, என் மனைவியே ஒரு மருத்துவமனையின் விளம்பரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். தமிழ் உரைபெயர்ப்பாளர், பகுதி நேரம். விண்ணப்பித்தேன், கிடைத்தது.

முதல் நாள் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு போனேன். மகளிர் பிரிவில் இருந்த மேலதிகாரி என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். அப்போது ஒரு தமிழ் அம்மா உள்ளே வந்தார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு கவுண்டருக்குப் போய், "நூர் இல்லயா இன்னைக்கி?" என்று கேட்டார்.

நூர் ஒரு மலாய்ப் பெண். ஐம்பதை நெருங்கும் வயது. நோயாளிகளை வரிசைப்படுத்துவது, எடை பார்ப்பது, அறைக்கு அழைத்துப் போவது அவள் வேலை. தோ பாயோ வட்டாரத்தில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்ததில் ஒரு தமிழ் வைத்திருந்தாள். அதைத் தமிழ் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. திணையும் இல்லை, பாலும் இல்லை. எல்லாம் 'அது வருது, அது போகுது'தான். ஆனால் அந்தப் பிரிவுக்கு வரும் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அவள் 'நூர் அக்கா'. எனக்குப் பெயர் 'சார்'. நூருக்கு மட்டும் நான் 'அங்கிள்'. சார் என்று கூப்பிடும்படி இரண்டு முறை சொன்னேன். "ஓகே லா அங்கிள்" என்றாள்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு நோயாளிகள் அவளுக்குக் கொண்டுவந்த முறுக்கு டப்பாக்கள் ஒன்பது. எனக்கு இரண்டு. அதிலும் ஒன்று பிரிவுக்குப் பொதுவாக வந்தது.

மகளிர் பிரிவில் ஆண் உரைபெயர்ப்பாளரா என்று நீங்கள் கேட்கலாம். தமிழுக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். கண்ணுக்கும் நான்தான், காலுக்கும் நான்தான், கர்ப்பப்பைக்கும் நான்தான்.

2. நீதிமன்ற முறை

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். சொன்னதைச் சொல். சொல்லாததைச் சேர்க்காதே. நீயாக எதையும் கேட்காதே. சாட்சி 'இல்லை' என்றால் 'இல்லை'தான். அவர் எப்படிச் சொன்னார், ஏன் சொன்னார் என்பதெல்லாம் வழக்கறிஞர் கவலை. இந்த முறையில் என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

கவிதா வந்தபோதும் அப்படித்தான் செய்தேன்.

கவிதா பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். இங்கே பிறந்து வளர்ந்த பிரபுவைக் கல்யாணம் செய்து, உட்லண்ட்ஸில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தாள். மாதவிடாய் நாட்களில் எழுந்து நிற்க முடியாத வலி. காப்பிக்கடைச் சாப்பாட்டு ஸ்டால் ஒன்றில் வேலைக்குப் போனவளை, மாதம் தவறாமல் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுக்கிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். பிள்ளையும் இல்லை. முதலில் காட்டிய வட்டார அரசு கிளினிக்கான பலதுறை மருந்தகம் கொடுத்த வலி மாத்திரை கேட்கவில்லை என்பதால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் லிம் இளவயதுப் பெண்மணி, நிதானமானவர். பிரபுவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். முதல் வருகையில் டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே முந்திக்கொண்டார். கவிதாவுக்கு எப்போதும் இப்படித்தான், கொஞ்சம் மென்மையான உடம்பு, எங்கம்மாகூட அதைத்தான் சொல்றாங்க என்றார். டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கணவர் மூலம் பேசுவதில்லை, அதற்குத்தான் உரைபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது வருகையில் ஸ்கேன் முடிவு வந்திருந்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் சில கேள்விகள் கேட்டார். மலம் கழிக்கும்போது வலி இருக்கிறதா? உறவின்போது வலி இருக்கிறதா? நான் நல்ல தமிழில் கேட்டேன். "தாம்பத்திய உறவின்போது ஏதேனும் வலி உண்டா அம்மா?"

கவிதா தரையைப் பார்த்தாள். பக்கத்தில் பிரபு, எதிரில் நான். "இல்ல சார்."

"இல்லை" என்று டாக்டருக்குச் சொன்னேன். மலம் பற்றிய கேள்விக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை.

அப்படியானால் வலி மாத்திரையைத் தொடரலாம், இங்கே கேஸை முடித்துப் பலதுறை மருந்தகத்துக்கே திருப்பி அனுப்புகிறேன் என்றார் டாக்டர். வலி அதிகமானால் அங்கே மறுபடி கடிதம் வாங்கி வரவேண்டும், மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். அதையும் மொழிபெயர்த்தேன். கவிதா தலையாட்டினாள். பிரபு, "நான் சொன்னேன்ல" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். கோபமாகக்கூட இல்லை, ஏதோ ஒரு செலவு மிச்சமானதுபோல. டாக்டர் கணினியில் குறிப்பை எழுத ஆரம்பித்தார். கவிதா கழிவறைக்குப் போகவேண்டும் என்றாள். நூர் கூட்டிக்கொண்டு போனாள்.

3. நடைபாதையில்

சிறிது நேரத்தில் நூர் மட்டும் திரும்பி வந்து, கதவோரம் நின்ற என் சட்டைக் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தாள்.

"அங்கிள், அவ பொய் பேசுது லா."

"யாரு?"

"கவிதா. டாய்லெட்ல உக்காந்து அழுவுது. நான் கேட்டேன், பீ போனா வலிக்குதா? கத்தியால குத்துது சொல்லுது. புருஷன் கூட படுத்தா வலிக்குதா கேட்டேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து வலிக்குது சொல்லுது. பல்ல கடிச்சிட்டு இருக்குமாம். பதினஞ்சு வயசுலேருந்து வயிறு இப்படி. கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்னு அவ அம்மா சொல்லிச்சாம்."

இப்படிக் கேட்க யாருக்கு நாக்கு வரும்? அவளுக்கு வந்தது. குழந்தைகளிடம் கற்ற தமிழ், குழந்தைகளைப் போலவே கேட்டுவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் நான் நினைத்தது கவிதாவைப் பற்றி அல்ல. என் வேலையை இவள் செய்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நோயாளி என்கிட்ட இல்லன்னு சொல்லிருக்கா. நீ வந்து சொல்றது ஹியர்சே, செவிவழிச் செய்தி. கோர்ட்ல இது நிக்காது."

"இது கோர்ட் இல்ல லா அங்கிள்."

"அப்ப அவளையே உள்ள வந்து சொல்லச் சொல்லு."

நூர் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. எப்போதும் யோசிக்காமல் பேசுகிறவள்.

"சொல்றேன்னு சொல்லுது. டாக்டர்கிட்ட மட்டும் சொல்றேன், புருஷன் முன்னாடி வேணாம் சொல்லுது. அந்த ஐயா முன்னாடியும் வேணாம் சொல்லுது."

"எந்த ஐயா?"

"எந்த ஐயாவா? இங்க எத்தன ஐயா இருக்கு?" என்று சிரித்தாள். "உங்கள பாத்தா அவ பெரியப்பா மாதிரி இருக்காம். நாளைக்கி கோயில்ல பாத்தா எப்படி மூஞ்சி காட்டுறது கேக்குது. நான்னா பரவாயில்லயாம். நான் உங்க கோயிலுக்கு வரமாட்டேன், உங்க கல்யாணத்துல சாப்பிட மாட்டேன். நான் யார்கிட்ட போய் சொல்லுவேன்?"

என் தமிழ் கவிதாவுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. நான் அவளுடைய ஆள், அதுதான் தடை. ஊரில் எந்தப் பெரியவர் முன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்று அவளை வளர்த்தார்களோ, அதே பெரியவர் விபூதியோடு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'தாம்பத்திய உறவு' என்கிறார். நூர் வெளியாள், அதனால் அவளிடம் சொல்லலாம்.

கதவு வழியாக டாக்டர் விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. முடித்து அனுப்பிவிட்டால் இந்தப் பெண் இன்னொரு கடிதம் வாங்கி வரப்போவதில்லை. மாமியார் வீட்டில் 'ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க' என்று ஆகிவிடும்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பதிவில் ஒரு குறையும் இருந்திருக்காது. அதையும் கணக்குப் பார்த்தேன். பிறகு கதவைத் தட்டினேன்.

"டாக்டர், இது நோயாளி சொன்னது அல்ல. உரைபெயர்ப்பாளர் தன் சார்பில் சொல்வது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நீதிமன்றத்தில் அப்படிச் சொல்ல ஒரு முறை உண்டு. நான் ஒருநாளும் அதைப் பயன்படுத்தியதில்லை. "கணவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். நானும் வெளியே இருக்கிறேன். நூரை உள்ளே வையுங்கள்."

டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். "நூரின் தமிழ் போதுமா?" என்று கேட்டார்.

போதாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். "இதற்குப் போதும்" என்றேன்.

4. வெளியே இரண்டு நாற்காலிகள்

பிரபுவும் நானும் வெளியே உட்கார்ந்தோம். அவர் கைப்பேசியை எடுத்தார், வைத்தார்.

"நீங்கதானே சார் இன்டர்பிரட்டர்? ஏன் வெளிய வந்துட்டீங்க?"

பெண்கள் பேசிக்கொள்ளட்டும் என்றேன். அப்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கவிதாவின் சிரிப்பு. அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நூர் என்ன சொல்லியிருப்பாள் என்று என் மனம் அரித்தது. இப்போதும் எனக்குத் தெரியாது. கேட்க மனமில்லை.

பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அம்மா நடிக்கிறான்னு சொல்றாங்க சார். அவ வலிக்குதுன்னு சொல்றா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. நான் யார நம்புறது சொல்லுங்க." அதுவரை அவரை ஒரு முரடர் என்று நினைத்திருந்தேன்.

கதவு திறந்தது. டாக்டர் எங்களை உள்ளே அழைத்தார். கவிதாவின் கண் சிவந்திருந்தது. நூர் அவள் பக்கத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றேன்.

இனி விளக்கவேண்டியது நிறைய இருந்தது, அதற்கு நூரின் தமிழ் போதாது. அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. டாக்டர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். கோர்ட் தமிழை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தேன். இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கிற சவ்வு மாதிரி ஒன்று, வெளியிலயும் ஒட்டி வளரும். குடல் பக்கம்கூட வளரும். மாதவிடாய் வரும்போது அதுவும் வீங்கி வலிக்கும். சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போவது உண்டு. அதனால் கேஸை முடிக்கப் போவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கணும், அப்புறம் தேவைப்பட்டால் வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்க்கணும்.

பிரபு தமிழிலேயே கேட்டார். "அப்ப இது நடிப்பு இல்லயா சார்?"

அதை டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். டாக்டர் பிரபுவைப் பார்க்கவில்லை. கவிதாவைப் பார்த்துச் சொன்னார். நானும் கவிதாவைப் பார்த்தே சொன்னேன்.

"உங்களுக்கு வர்ற வலி உண்மையான வலி. நான் நம்புறேன்."

முப்பத்தொரு ஆண்டுகளில் எத்தனையோ தீர்ப்புகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக் கேட்டவர் முகம்கூட இப்படி மாறிப் பார்த்ததில்லை. கவிதா அழுதாள். சொன்னவர் டாக்டர், அதைத் தமிழில் சொன்னவன் நான். அவள் பிடித்துக்கொண்டதோ நூரின் கையை. பிரபு எழுந்து போய் அவளுக்கு மறுபக்கம் நின்றார். தோளைத் தொடலாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் வைத்திருந்தார். அவள்தான் அந்தக் கையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

5. எண்ண மறந்தது

எம்.ஆர்.ஐ.யில் குடலருகே ஏதோ தெரிந்தது. அறுவை சிகிச்சையில் அது எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று உறுதியானது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், தொடர்ந்து மருந்தும் உண்டு. வலி அடியோடு போய்விடவில்லை, ஆனால் எழுந்து நடமாட முடிகிறது என்றாள். அறிக்கையைப் பிரபு தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம். அம்மா அன்றைக்குச் சமையலைத் தானே செய்தாராம். இவையெல்லாம் கவிதா நூரிடம் சொல்லி, நூர் என்னிடம் சொன்னவை. ஹியர்சேதான். ஏற்றுக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பில் நான் சொல்வது இது. அறைக்குள் போனதும் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். டாக்டர், நோயாளி, கணவர். எண்ணும்போது உங்களையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எதையும் எண்ணாமல் விடாதவன், ஆனால் அந்த அறையில் என்னை எண்ண மறந்துவிட்டேன். நோயாளி 'இல்லை' என்றால், அது கேள்விக்குச் சொன்ன பதிலா, உங்களுக்குச் சொன்ன பதிலா என்று பாருங்கள். உங்களுக்கென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போங்கள். அதுவும் வேலைதான்.

அப்போது பக்குவம் வந்து பொறாமை போய்விட்டது என்று எழுதினால் வகுப்புக்கு நன்றாக இருக்கும். இந்தத் தீபாவளிக்கு நூருக்குப் பதினொரு டப்பா. எனக்கு மூன்று. மூன்றில் ஒன்று கவிதா என் பெயரை எழுதி, இரண்டு கைகளாலும் கொடுத்தது. வீட்டுக்குப் போகும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

நூருக்கு அவள் கொடுத்த டப்பா இதைவிடப் பெரியது.