பிள்ளையார் கோயில் வீதியும் பத்தரை மணிச் செய்மதியும்

இதை எழுதுவோமா விடுவோமா என்று மூன்று வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கடிதம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. அதைவிடப் பெரிய தயக்கம், இது கோயில் சங்கதி. எழுதினால் பிள்ளையாரைப் பகிடி பண்ணியதாக ஆகிவிடுமோ என்ற பயம். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும்போது "எழுதட்டோ அப்பனே" என்று கேட்பேன். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. போன மாதம் கனடாவிலிருந்து ஊரவர் ஒருவர் தொலைபேசி எடுத்து, இந்தக் கதையை எனக்கே சொன்னார். அவர் சொன்னதில் செய்மதி கோயில் கிணற்றடியில் வந்து இறங்கியிருந்தது. இனியும் வாய்திறவாமல் இருந்தால் பிழை என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் இருப்பது ஹொலண்டில், ஒரு சின்னப் பட்டணத்தில். வந்து இருபத்திரண்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடாத ஒன்று, வெயில் எறித்தால் இவர்கள் செய்கிற வேலை. வீட்டுக் கதிரைகளைத் தூக்கிவந்து தெருவோரம் போட்டு, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். "லெக்கர்" என்பார்கள். ருசியான சாப்பாட்டுக்கும் அந்தச் சொல்தான், வெயிலுக்கும் அந்தச் சொல்தான். நான் வேலை முடிந்து மரநிழலாகப் பார்த்து ஒதுங்கி நடந்து வருவேன். பக்கத்து வீட்டுக் கிழவர் என்மேல் இரக்கப்பட்டு, தன் கதிரையை நகர்த்தி எனக்கு வெயிலில் இடம் பண்ணித் தருவார். வேண்டாம் என்றால் அவருக்கு மனம் நோகும். ஆகவே ஐந்து நிமிடம் அவரோடு இருந்து வேர்த்துவிட்டு, நன்றி சொல்லி எழும்புவேன். கிளிநொச்சியில் யாரையாவது மத்தியான வெயிலில் கதிரை போட்டு இருத்தினால், அவர் அதற்குப் பிறகு எங்களோடு கதைக்கமாட்டார்.

எனக்கு வேலை ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில், கூட்டித் துடைக்கிற வேலை. விடிய ஐந்தரைக்குத் தொடங்குவேன். அந்த நேரத்தில் அங்கே வருகிற ஒரே ஆள் ஹன்னா. முப்பது வயதுப் பிள்ளை, கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். வெப்ப நாடுகளில் பட்டணங்கள், சுற்றியுள்ள வயல் காடுகளைவிட ஏன் கூடச் சுடுகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக அவள் எந்த வெப்ப நாட்டுக்கும் போவதில்லை. மேலே சுற்றுகிற ஒரு செய்மதி, பதினாறு நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊருக்கும் மேலாகப் போகும்போது நிலத்தின் சூட்டை அளந்து அனுப்பிவிடுகிறது. அவள் அதைப் படமாக்குவாள். கூரையும் தார்வீதியும் கொங்கிறீற்றும் சிவப்பாக விழும். மரமும் வயலும் பச்சை. குளம் நீலம். பச்சைக்கு நடுவில் பட்டணம் ஒரு சிவப்புத் தீவு மாதிரித் தெரிவதால் அதை வெப்பத்தீவு என்கிறார்கள். இதையெல்லாம் என்னைத் துடைப்பத்தோடு நிற்கவைத்து விளங்கப்படுத்தினாள். பிறகு, நான் எந்த ஊர் என்று கேட்டாள். கிளிநொச்சி என்றேன். அவள் கதிரையைத் திருப்பி, எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்காமலே அந்தப் பெயரைத் தட்டினாள். அவள் ஆராய்கிற சின்னப் பட்டணங்களில் வவுனியாவும் இருந்தது, கிளிநொச்சியும் இருந்தது.

படம் வந்தது. நீலமாகக் குளம், சிவப்புக் கோடாகக் கண்டி வீதி. கடைத்தெருவுள்ள ரவுணுக்குக் கிழக்கே, பச்சைக்கு நடுவில், சின்னவிரல் நகமளவில் தனியாக ஒரு சிவப்பு. ரவுணைவிடச் சிவப்பு. அது என்ன தொழிற்சாலை என்று ஹன்னா கேட்டாள். வாய்க்காலையும் பள்ளிக்கூடத்தையும் அடையாளம் வைத்துப் பார்த்தேன். எங்கள் பிள்ளையார் கோயில். எனக்கு உடம்பு புல்லரித்தது. அவ்வளவு உயரத்தில் நின்று பார்த்தாலும் அவர் தெரிகிறார் என்று, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கணினியைக் கும்பிட்டேன். அது கடவுளின் சக்தி என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். சக்திக்கு எனக்குத் தெரிந்த சொல் மின்சார நிறுவனத்தின் கடிதத்தில் வருகிற சொல். ஹன்னா தன் கொப்பியில் மின்நிலையம் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டாள். பிறகு, நிலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். கல் என்றேன். மரங்கள்? தறித்துவிட்டோம் என்றேன். "ஆகா" என்றாள். அந்த ஆகாவோடு என் புல்லரிப்பு அடங்கிவிட்டது.

ஏனென்றால் கல்லுப் பதிக்கச் சொன்னவன் நான்தான். சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, கோயில் வெளிவீதியின் வெண்மணல் எனக்கு அழுக்காகத் தெரிந்தது. மற்றவர்களின் தளத்தை இத்தனை வருடம் துடைத்தவனுக்குக் கண் அப்படிப் பழகிவிடும் போலிருக்கிறது. பரிபாலன சபைக் கூட்டத்தில் எழும்பி, ஹொலண்டில் சந்தைச் சதுக்கமெல்லாம் கல்லுப் பதித்துக் கண்ணாடி மாதிரி இருப்பதைப் பற்றி அரைமணி நேரம் கதைத்தேன். எல்லோரும் வாய்பார்த்தார்கள். வெளிநாடுகளில் இருக்கிற ஊரவரெல்லாம் சேர்ந்து கிழக்கு வீதிக்கும் தெற்கு வீதிக்கும் கல்லுப் பதிப்பித்தோம். இலை கொட்டிக் கல் ஊத்தையாகும் என்று அந்த இரண்டு பக்கத்து வேம்புகளையும் தறிப்பித்தோம். மேற்கும் வடக்கும் அடுத்த முறைக்கென்று மண்ணாகவும் மரமாகவும் நின்றன.

என் மூத்த சகோதரி மலரக்கா ஒவ்வொரு தேருக்கும் அடியழிப்பவர். தேருக்குப் பின்னால் சில அடி நடந்து, விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி நடந்து, மறுபடி விழுந்து, இப்படியே நான்கு வீதியும் சுற்றிவருவது. மகளுக்குச் சுகப்பிரசவமாக வேண்டும் என்று வைத்த நேர்த்தி. அந்தப் பிள்ளை பிறந்து இப்போது சைக்கிள் ஓடுகிறது, அக்கா இன்னும் நேர்த்தியை விடவில்லை. கல்லுப் பதித்த வருடம் தேர் முடிந்து, கல் எப்படி என்று பெருமையாகக் கேட்டேன்.

"வடிவாத்தான் கிடக்குது தம்பி. கைதான் வைக்க ஏலாமல் கிடந்தது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அது பகிடியல்ல என்பது ஹன்னாவின் கணினிக்கு முன்னால்தான் எனக்கு விளங்கியது. அந்த வருடத் திருவிழாவுக்கு முன் மேற்கு வீதிக்கும் வடக்கு வீதிக்கும் கல்லுப் பதிப்பதென்று சபை முடிவெடுத்திருந்தது. மரம் தறிக்கிற ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது. அதுவும் நடந்தால், அக்கா கையூன்றி விழுவதற்கு ஒரு சாண் குளிர்ந்த மண்கூட மிஞ்சாது.

சபைத் தலைவர் மணியம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். நான் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் எடுத்தேன். வாய் வரவில்லை. பழியைச் செய்மதியின் தலையில் போட்டு, மேலேயிருந்து பார்த்தால் எங்கள் கோயில் சிவப்பாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்கு ஒன்றைத்தான் கேட்டார்.

"வாய்க்காலுக்கு அங்காலை முருகன் கோயில் என்ன நிறம்?"

அந்தக் கோயில்காரருக்கும் எங்களுக்கும் ஒலிபெருக்கிச் சண்டை தொடங்கிப் பத்து வருடம். அவர்களுடைய வீதி இன்னும் மண், சுற்றிவர மருதமரம். நான் உண்மையைச் சொன்னேன், பச்சை.

"அவையின்ர முருகன் பச்சை, எங்கட பிள்ளையார் சிவப்போ? அது திரும்ப எப்ப வரும்?"

நாளையும் நேரத்தையும் சொன்னேன். காலை பத்தரை. முகில் இல்லாவிட்டால்தான் படம் விழும் என்பதையும் சொன்னேன். சும்மா நேரம் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் என் மூளைக்கு எட்டவில்லை. எங்கள் சனத்துக்குத் தெரிந்த வழக்கம் ஒன்றுதான்: பெரிய இடத்திலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் கூட்டித் தண்ணீர் தெளித்து, வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டும். கல்வி அதிகாரி வந்தாலும் அதுதான், மந்திரி வந்தாலும் அதுதான். செய்மதிக்கும் அதையே செய்தார்கள். இரண்டு பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. ஊரிலுள்ள நெல்லுச் சாக்கெல்லாம் நனைத்துக் கல்லின்மேல் விரிக்கப்பட்டன. முகில் வரக்கூடாதென்று விசேட அருச்சனை நடந்தது. அதே காலையில் மழை வேண்டி அருச்சனைக்கு வந்த கமக்காரர் இருவரைப் பத்தரைக்குப் பிறகு வரச்சொல்லி இருத்திவைத்தார்களாம். ஐயர், செய்மதிக்குத் தீபம் காட்டுவதா என்று கேட்டார். அதற்கு ஆகமத்தில் இடமில்லை என்று அவரே முடிவெடுத்து மணியை மட்டும் அடித்தார்.

இங்கே அப்போது காலை ஏழு மணி. ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் தொலைபேசியுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டேன். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கும் முருகன் கோயில்காரருக்கு முன்னால் பச்சையாக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. மணியடித்ததும் சனம் அண்ணாந்து பார்த்தது. ஒரு பருந்து வட்டமிட்டது. யாரோ கைகூப்ப, எல்லோரும் கும்பிட்டார்கள்.

ஒரு வாரத்தில் ஹன்னாவின் கணினியில் எங்கள் கோயில் பச்சையாக இருந்தது. அவள் சந்தோசப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தலையில் கைவைத்தாள். மழை இல்லை, பக்கத்திலெல்லாம் பழைய சூடு. ஒரு சதுரம் மட்டும் குளிர்வதற்குக் காரணமே இல்லை. ஒன்றில் தன் கணக்கு பிழை, அல்லது செய்மதி பழுது என்று சொல்லி, எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து தொடங்கினாள். விடிய நான் வரும்போது அவள் எனக்கு முன்னரே வந்திருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். நான் அவளுடைய மேசைக்குக் கீழே ஒரு நாளில் இரண்டுதரம் துடைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதற்குள் நான் முந்திக்கொண்டு அனுப்பிய பச்சைப் படத்தை மணியம் அண்ணை சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, கோயில் சபையின் கந்தோர்ச் சுவரில் மாட்டிவிட்டார். செய்மதியே கல்லுக்குச் சரி சொல்லிவிட்டது, மிச்ச இரண்டு வீதியையும் தாமதிக்காமல் செய்வோம் என்பது அவருடைய பேச்சு. அக்காவைக் காப்பாற்றப் போய், அக்காவுக்கு எதிராகச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

செய்மதியை நடத்துகிறவர்களுக்கே முறைப்பாடு எழுதப்போவதாக ஹன்னா சொன்ன அன்று, வாளியைக் கீழே வைத்துவிட்டேன். பவுசருக்கு டச்சில் என்ன என்று தெரியாது. கடதாசியில் கோயிலை வரைந்தேன், பக்கத்தில் லொறி, குழாயோடு மனிதர்கள், மேலே செய்மதி. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டாள். விருந்தாளி வந்தால் முற்றம் தெளிப்போம் என்றேன். அவள் சிரித்துச் சிரித்து, நான் அப்போதுதான் துடைத்த ஈரத் தளத்திலேயே இருந்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்று, அந்தக் கல்லில் வெறுங்காலோடா நடக்கிறார்கள் என்று கேட்டாள். அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். சிவப்புப் படத்தையும் பச்சைப் படத்தையும் அச்சடித்துத் தந்து, இதை உன் அக்காவிடம் கொடு என்றாள். செய்மதி அடுத்து வரும் நாட்களையும் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள்.

விடுமுறை எடுத்து ஊருக்குப் போனேன். செய்மதி வருகிற நாளுக்கு முதல்நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம், மறுநாளைக்குப் பவுசர் ஒழுங்கு பண்ணுவதற்காக. இரண்டு படத்தையும் பிடித்துக்கொண்டு எழும்பினேன். கல்லுக்காக அரைமணி நேரம் கதைத்த அதே இடத்தில் நின்று, இந்தமுறை எனக்கு மூன்று வசனம்தான் வந்தது.

"பச்சை, தண்ணியின்ர நிறம் அண்ணை. சிவப்புத்தான் கல்லின்ர நிறம். நான்தான் பிழை விட்டிட்டன்."

மணியம் அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, உமக்குக் குளிர்நாட்டிலை இருந்து உடம்பு பழுதாப்போச்சு. கல் அப்பிடியொண்டும் சுடாது" என்றார். நாலுபேர் சிரித்தார்கள். அப்போது பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து மலரக்கா எழும்பினார்.

"அப்ப நாளைக்குப் பவுசர் வேண்டாம். பத்தரைக்கு நீங்கள் ரெண்டுபேரும் வீதியிலை உருண்டு பிரதட்டை பண்ணுங்கோ. கல்லுப் பதிச்சவையும் நீங்கள், படம் பார்த்தவையும் நீங்கள்."

பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, பிரதட்டை பண்ணமாட்டேன் என்று எங்கள் ஊரில் எந்த ஆணும் சொல்லமுடியாது. அண்ணை கழற்றிய மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கிணற்றில் தோய்ந்து, ஈர வேட்டியோடு, கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, கிழக்கு வாசலில் இரண்டு பேரும் கிடந்தோம். ஐயர் மணியடித்தார். உருளத் தொடங்கினோம். முதல் மூன்று உருளலுக்கு வேட்டியின் ஈரம் காத்தது. நாலாவதில் முதுகு தோசைக்கல்லில் பட்ட மாதிரி. பிள்ளையாரே பிள்ளையாரே என்று தொடங்கிய மணியம் அண்ணை தெற்கு வீதிக்குத் திரும்பும்போது ஐயோவுக்கு மாறியிருந்தார். கல் சுடச்சுட வேகம் கூடியது. பிரதட்டையில் ஒருவர் மற்றவரை முந்திப்போனதை நான் கண்டதில்லை. எழுபது வயது, அந்த வண்டி வயிற்றோடு, என்னைக் கடந்து போனார். பார்த்துநின்ற ஒருவர், "தலைவரின்ர பக்தியைப் பாருங்கோ" என்றது என் காதில் விழுந்தது. எங்களுக்குப் பக்கத்தில் நடந்து திசை பிசகாமல் தள்ளிவிட்டவர் அக்காதான். வழமையாகத் தள்ளுவதைவிட மெதுவாகத் தள்ளினார் என்று இன்றைக்கும் சந்தேகம்.

மேற்கு வீதியின் மண்ணில் வந்து விழுந்ததும் இரண்டு பேரும் அசையவில்லை. மேலே வேப்பநிழல், கீழே குளிர்ந்த மணல். அக்கா ஒரு செம்புத் தண்ணீரை எங்கள் முதுகில் ஊற்றினார். மணியம் அண்ணை முகத்தை மண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார், "மரம் தறிக்கிறவனை வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ." மிச்ச வீதியை ஆறுதலாக உருண்டோம். அந்த வருடத் தேருக்கு முன், பதித்த கல்லில் ஒரு வரிசையைக் கிளப்பி வேப்பங்கன்று வைத்தார்கள். அக்கா கல்லுப் பக்கத்தில் நனைத்த சாக்கின் மேலும், மண் பக்கத்தில் மண்ணின் மேலும் விழுந்து அடியழித்தார்.

ஹொலண்டுக்குத் திரும்பியதும் ஹன்னா அன்றைய படத்தைக் காட்டினாள். இரண்டு பக்கம் சிவப்பு, இரண்டு பக்கம் பச்சை. இதில் நான் எங்கே என்று கேட்டேன். படத்தில் ஒரு புள்ளி என்பது கோயில் முன்வாசலைவிடப் பெரிது, அதில் ஓர் ஆள் தெரியமாட்டார் என்றாள். ஆனாலும் அந்தப் புள்ளிக்குள் நான் இருந்தேன். சரியாகப் பத்தரைக்கு ஓர் உருளலில் என் முகம் ஹன்னா பார்க்கிற வானத்துக்குத் திரும்பியது, அடுத்த உருளலில் அக்கா நின்ற மண்ணுக்குத் திரும்பியது, பிறகு மறுபடி வானம். இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வதாக இருந்தால் இப்படியே சொல்லுங்கள். பவுசர் இரண்டுதான், மூன்றாக்க வேண்டாம். மணியம் அண்ணை அழவில்லை, அது வேர்வை. ஹொலண்டிலிருந்து வந்த அந்த மனிதன் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று யாராவது கேட்டால், உருண்டுகொண்டிருந்தான் என்று சொல்லுங்கள். அதற்கு மேலே ஒரு சொல்லும் கூட்டவேண்டாம்.