பிளேக் பாடமும் மாட்டுத்தொழுவமும்

முதியோர் கல்வியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்தது வரலாறு மட்டும்தான். எண்பதுகளின் தொடக்கம். சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்து மோட்டார் ரூமில் மதியம் வகுப்பு. பூவெடுக்கும் பெண்கள்தான் மாணவிகள். இடம் தந்தவர் தோட்டத்துக்காரர் என்பதால் அவரைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

பேச நிறைய இருந்தது. பூவெடுத்து முடித்தவர்கள் அவர் வீட்டு மாட்டுத்தொழுவத்தையும் கூட்டி அள்ளிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. வேறு தோட்டத்துக்குப் போகலாமென்றால், பழைய முதலாளி சரி சொல்லாமல் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வைகாசியில் ஊருக்குள் காய்ச்சல் பரவிப் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். மொட்டு விரிந்துவிட்டால் வியாபாரி தொட மாட்டான். தோட்டத்துக்காரர் இறங்கி வந்தார். "தொழுவத்த நாங்க பாத்துக்கிறோம். நீங்க பூவ மட்டும் எடுங்கத்தா."

அன்று வகுப்புக்கு வந்தது நாலைந்து பேர். அவர்களுக்கு 'அ, ஆ' நடத்த எனக்கு மனம் வரவில்லை. பதினாலாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிளேக் என்ற கொள்ளைநோய் வந்த கதையைச் சொன்னேன். பிரபுவின் நிலத்தில் சும்மா உழைத்த குடியானவர்கள், அவர் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள். ஊர் ஊராகச் செத்து விழுந்தபின் வேலைக்கு ஆள் இல்லை. மிஞ்சியவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள், தராவிட்டால் வேறு பண்ணைக்கு நடையைக் கட்டினார்கள். "பிளேக்தான் அவங்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துச்சு" என்று பரீட்சையில் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன்.

பேச்சியம்மாள் முறைத்தாள். முந்தைய வருடம் வாந்திபேதிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"சாவு என்னத்த டீச்சர் வாங்கிக் குடுக்கும்? எனக்கு ஒண்ணும் குடுக்கலயே."

அவளே அடுத்ததையும் கேட்டாள். "அப்புறம் பிள்ளைக பொறந்து ஆளு பெருகியிருக்கும்ல? பழையபடி சும்மா வேல பாக்கச் சொன்னாகளா?"

"சொன்னாங்க. சில நாட்டுல திரும்பவும் கட்டிப் போட்டுட்டாங்க. சில நாட்டுல முடியல."

"ஏன் முடியல?"

"ஜனங்க மாட்டோம்னுட்டாங்க. அதுக்கு அடியும் பட்டாங்க."

காய்ச்சல் வடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய அன்று, கரும்பலகையை எடுக்க நான் காலையிலேயே போயிருந்தேன். தோட்டத்துக்காரர் மனைவி வாசலில் நின்று, "பேச்சி, தொழுவம் அப்படியே கெடக்கு பாரு" என்றார்.

பேச்சியம்மாள் பூக்கூடையை எடைக்கு வைத்தாள். "பூவெடுக்க வந்தேன், எடுத்துட்டேன். வாரேம்மா."

"நாளைக்கு வேல இருக்காதுடி."

"பூவு இருக்கும்லம்மா."

இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள், வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னாலேயே ஒருத்தி கூடையை இறக்கிவிட்டுப் போனாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் தொழுவத்துப் பக்கம் போக யாருமே மிஞ்சவில்லை.

மறுநாள் விடியும் முன்னே தோட்டத்து வீட்டிலிருந்து அவர்களைக் கூப்பிட ஆள் விட்டார்கள், பூவெடுக்க மட்டும். மோட்டார் ரூமில் எனக்குப் பூட்டு தொங்கியது. வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன்.

பிற்பாடு பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தைப் பல வருடம் நடத்தினேன். பிளேக்கோடு விடையை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "மாட்டோம்னு சொன்னது யாரு? அதையும் எழுதிட்டு வாங்க" என்பேன்.