பஸ் ஒதுங்க ஓர் இடம்

பலா சீசன் முடிந்ததும், இனிச் சுமக்க ஆள் வேண்டாம் என்று பண்ருட்டி மண்டியில் சொல்லிவிட்டார்கள். முத்தாண்டிக்குப்பம் தாண்டி நெய்வேலிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். செருப்பு முந்தின நாளே அறுந்துபோயிருந்தது. சாலையோரப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடி ஏற்றி முடித்து, பந்தலில் கூட்டம் போட்டிருந்தார்கள். கிராம சபையாம். நிழல் இருந்தது, கடைசியில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி ஆசிரியை அனுப்பியிருந்தார். போட்டோ எடுத்தாகிவிட்டது. இப்போது எல்லோரும் போனில் கவிழ்ந்திருந்தார்கள்.

“எப்படா முடியும்?”

“மிக்சர் குடுப்பாங்களாம். இரு.”

ஊராட்சித் தலைவர் வரவு செலவு படித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தாள். “கணக்க அப்புறம் படிக்கலாம் தலைவரே. எங்க தெருவுக்குத் தண்ணி வந்து எத்தினி நாளாச்சி? நீ மட்டும் குளிச்சிக்கினு வந்துட்டா ஆச்சா?”

பந்தலே சிரித்தது. தலைவர் எழுந்து நின்றார். “மோட்டார் எரிஞ்சிபோச்சி அண்ணி. நாளைக்கு மாட்டிடறோம்.”

“அத எழுதச் சொல்லு.”

எழுதினார்கள். என் பக்கத்துப் பையன் போனைத் தாழ்த்தினான். “இப்படியெல்லாம் கேக்கலாமா?” என்றான். அவன் வீட்டில் தண்ணீரும் விளக்கும் கேட்காமலே வரும். ரிப்பேர் என்றால் அப்பா ஆபீசுக்குப் போன் செய்வார். வார்டு மெம்பர் என்று ஒருவரை அவன் பார்த்ததே இல்லையாம்.

பிறகு அவர்களோடு படிக்கிற பெண் ஒருத்தி எழுந்தாள். இந்த ஊர்தான், அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. “காலையில பஸ்ஸு நம்ம ஊர்ல நிக்கறதே இல்லீங்க. அடுத்த பஸ்ஸுல போனா முதல் வகுப்பு போயிடுது. இன்னும் லேட்டானா பரீட்சை எழுத விடமாட்டாங்க.”

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘லேட் மகாராணி’ என்று தினமும் அவளைக் கேலி செய்தவர்கள் அவர்கள்தானாம்.

“முள்ளு ரோட்டு மேல சாஞ்சி கெடக்குதும்மா. ஒதுங்க எடமில்ல, எங்க நிறுத்தறதுங்கறான் டிரைவர்” என்றார் தலைவர்.

பையன் எழுந்துவிட்டான். “அந்த முள்ள யாரு சார் வெட்டணும்?”

“உனக்கு இங்க ஓட்டு இருக்குதா தம்பி?” என்றது ஒரு குரல்.

“இல்லீங்க.”

“அப்ப உக்காரு!”

சிரிப்பில் அவன் முகம் சிவந்தது. ஆனால் தண்ணீர் கேட்ட அம்மாள் திரும்பினாள். “உக்காரட்டும். அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு வெட்டறது?”

“ஊராட்சிதான் வெட்டணும்னு தீர்மானம் போடுங்க” என்றாள் அந்தப் பெண். அவள் இன்னும் உட்காரவில்லை. கைகள் உயர்ந்தன. தீர்மானத்தை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்கள்.

எத்தனையோ ஊர்ச் சாலைகளில் முள்ளைப் பார்த்து ஒதுங்கி நடந்திருக்கிறேன். அதை வெட்டு என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது, சொன்னால் பெரியவர்கள் எழுந்து நின்று கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மிக்சர் பொட்டலம் வந்தது. பையன் அதைப் பிரிக்காமல், அடுத்து யார் எழுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான்.

“வெட்ட ஆளு?” என்றார் தலைவர்.

அந்த அம்மாள் என்னைக் காட்டினாள். “அதோ, மிக்சர் தின்னுக்கினு இருக்கறாரே, அவரக் கேளு.”

மறுநாள் விடிந்ததும் அரிவாளும், முள்ளைத் தள்ளக் கவைக்கோலும் கொடுத்தார்கள். கருவேல முள் வெறுங்காலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வெட்டினேன். பஸ் வருவதற்குச் சற்று முன் அந்தப் பெண் பையோடு வந்து, வெட்டிய இடத்தில் நின்றுகொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் அகலமா வேணும் அண்ணா” என்றாள்.

வெட்டினேன்.