விளங்காத குரல் செய்திகள்

போன வருடம் வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. லண்டனின் இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறினேன். இருக்க இடம் இருந்தும் இருக்க முடியவில்லை. கதவருகில் நின்று போனைப் பார்ப்பதும், பையில் வைப்பதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தேன்.

காரணம் என் மகள். படிப்பு முடிந்ததும் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன் என்று சீனாவின் செங்டு நகரத்துக்குப் போய்விட்டாள். முதல் மாதங்களில் தினமும் ஏதாவது முறைப்பாடு. வீடு எடுத்தால் பொலிஸில் போய்ப் பதிய வேண்டும், வாட்ஸ்அப் வேலை செய்யாது, ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கவும் போன்தான் வேண்டும் என்பாள். பிறகு பழகிவிட்டாள். பின்னேரங்களில் பூங்காவில் வயதான பெண்களோடு சேர்ந்து நடனம் ஆடினாள். ஞாயிறுகளில் தேநீர்க்கடை மூங்கில் நாற்காலியில் சாய்ந்திருந்து படம் அனுப்பினாள். அங்குள்ளவர்கள் பாவிக்கும் ஒரு செயலியை என் போனிலும் போட்டுத் தந்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பெண்ணையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் கதைத்தபோது வயிறு வலிக்கிறது என்றாள். அந்த ஊர்ச் சாப்பாட்டின் உறைப்புத்தான் காரணம் என்று சிரித்தாள். சனிக்கிழமை எழும்பிப் பார்த்தால் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. வீட்டுக்காரப் பெண்ணிடமிருந்து மூன்று குரல் செய்திகள் வந்திருந்தன. மூன்றும் சீன மொழியில். மகளின் பெயர் மட்டும்தான் எனக்கு விளங்கியது. அந்தக் குரலில் இருந்த பதற்றம் அதைவிட நன்றாக விளங்கியது.

மகளின் போன் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரப் பெண்ணுக்கு எடுத்தேன். மூச்சிரைக்க என்னவோ சொன்னாள். நான் "இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்று கத்த, அவளும் பதிலுக்குக் கத்த, இணைப்பு அறுந்துவிட்டது. அந்தச் செய்திகளை நானும் கணவரும் மொழிபெயர்க்கும் செயலியிடம் கொடுத்துப் பார்த்தோம். அவளுடைய ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. 'பாஸ்போர்ட்', 'கத்தி' என்று இரண்டே சொற்களைக் காட்டியது.

"நீர் அந்தரப்படாதையும். அது பிழையாச் சொல்லுது" என்றார் என் கணவர். சொன்னாரே தவிர, அவரும் அந்தச் செய்திகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அவர் வீட்டில் இருந்தபடி, கிடைத்த உதவி எண்களுக்கெல்லாம் போன் எடுக்க, மகளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் அலுவலகத்துக்கு நான் ஓடினேன். சனிக்கிழமை அது திறந்திருக்குமா என்றுகூட யோசிக்கவில்லை. ஒரு இடத்தில் நிற்க ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ரயில் ஃபாரஸ்ட் கேட் தாண்டும்போது, மடியில் கேக் பெட்டியோடு இருந்த ஒரு இளம்பெண் போனில் "ஹாவ், ஹாவ்" என்றாள். என் மகள் இப்போதெல்லாம் 'ஓம்' என்பதற்குப் பதிலாகச் சொல்கிற அதே சொல்! அவள் கதைத்து முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைக் கொட்டி, போனை நீட்டினேன்.

அவள் மூன்று செய்திகளையும் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திவிட்டுத்தான் சொன்னாள். மகளுக்குக் குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது. வீட்டுக்காரப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். போகிற வழியில் மகளின் போன் எங்கோ தவறிவிட்டது. ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்டதால் அதை எடுக்க அந்தப் பெண் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் நான் போன் எடுத்திருக்கிறேன். உடனே ஒப்பரேஷன் செய்ய வேண்டும், அதற்குத்தான் சீன மொழியில் கத்தி என்ற சொல் வருகிறதாம். ஆனால் அம்மாவோடு கதைக்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று மகள் அடம்பிடிக்கிறாள்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்குவோம், இருந்து கதைக்கலாம் என்றாள் அந்தப் பெண். ரயில் மேடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு என் போனிலேயே அழைத்தாள். இம்முறை இரண்டு பக்கமும் கத்தவில்லை. வீட்டுக்காரப் பெண் அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருந்தாள். அவள் உள்ளே ஓடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எங்களுக்கு முன்னால் ரயில்கள் வந்து வந்து போயின. ஒன்று புறப்படும் இரைச்சலுக்குள் என் பிள்ளையின் குரல் வந்தது.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நான் லண்டனுக்கு வந்து செய்யிறன்."

எனக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடத்தான் ஆசை. ஆனாலும் சொன்னேன். "இல்லை ராசாத்தி, இப்பவே செய்ய வேணும். சைன் பண்ணு. அம்மா போன்ல இஞ்சதான் இருக்கிறன்."

அவள் அழுதாள். பிறகு "சரி" என்றாள்.

நான் விஷயத்தைச் சொல்ல, சிறிது நேரத்தில் என் கணவரும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தார். இனி நீங்கள் போங்கள் என்று அந்தப் பெண்ணிடம் எவ்வளவோ சொன்னோம். சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் புறப்பட்டவள், தொடங்கச் சொல்லி அவர்களுக்குப் போன் பண்ணிவிட்டு எங்களோடேயே இருந்தாள். தானும் இங்கே படிக்க வந்தவள்தான் என்றாள். போன குளிர்காலத்தில் ஒரு கிழமை காய்ச்சலில் தனியே கிடந்தாளாம். "அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவவால என்ன செய்ய ஏலும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்தது. குடல்வால் வெடிக்க அதிக நேரம் இருக்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அதை மொழிபெயர்த்துச் சொல்லும்போது அந்த இளம்பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்த கேக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிப் போனாள். வீட்டுக்காரப் பெண் என் மகள் எழும்பி நடக்கும்வரை அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். திரும்பி வா என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை, ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிவிட்டாள். அவளோடு கதைக்கிற நேரம் கொஞ்சம் பிந்தினாலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ஆனால் இந்த ஊரில் தனியாகத் திரிகிற பிறநாட்டுப் பிள்ளைகளைக் காணும்போது, எங்கோ ஒரு தாய் இவர்களை நினைத்து இதேபோலத் தவித்துக்கொண்டிருப்பாள் என்ற எண்ணம் வருகிறது, அதன்பிறகு என்னால் அவர்களைப் பார்க்காததுபோலக் கடந்து போக முடிவதில்லை.