வாசலில் சாய்த்து வைத்த வால்வு சாவி

இன்று காலை கோயிலிலிருந்து திரும்பியபோது என் வீட்டு வாசலில் வால்வு சாவி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாவி என்றதும் இடுப்பில் செருகிக்கொள்ளும் சாவியை நினைத்துவிட வேண்டாம். இது என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கம்பி. மேலே இரண்டு கையாலும் பிடித்துத் திருக ஒரு குறுக்குப் பிடி, கீழே பள்ளத்துக்குள் இருக்கும் வால்வின் தலையில் போய் உட்கார ஒரு சதுரக் குழி. சுவரில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று குறுக்குப் பிடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழைய துணியை மடித்து வைத்திருந்தார்கள். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் காலனியில் யாரும் யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை. செயலாளர் சாரையும் இப்படி மரியாதையாகத்தான் ஒழித்துக் கட்டினோம்.

எங்களுடையது கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் கட்டிய குடியிருப்பு. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், நாலு பிளாக். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் நாங்கள். ஆனாலும் குழாயில் தண்ணீர் வருமா என்பதுதான் எங்களுடைய அன்றாடக் கவலை. விடியற்காலையில் கொஞ்ச நேரம் மாநகராட்சித் தண்ணீர் வரும். நாலு பிளாக்குக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வேகம் போதாமல் எதுவும் நிறையாது. ஒன்றைத் திறந்து, தொட்டி நிறைந்ததும் மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் கேட் ஓரத்துப் பள்ளத்தருகில் நிற்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் போடலாம் என்றால் பராமரிப்புக் கட்டணம் கூடிவிடும் என்று பொதுக்குழு ஒப்பவில்லை. வாட்ச்மேன் செய்யலாம் என்றால் அவர் கேட்டை விட்டு நகரக் கூடாது என்று நாங்களே தீர்மானம் போட்டிருந்தோம். மிச்சம் இருந்தவர் செயலாளர் சார்தான்.

அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த ஒரு கூட்டத்தில், ஆள் இல்லாததைப் பார்த்து என்னை இணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் பதவிக்குத் தகுதி அன்றைக்கு வராமல் இருப்பதுதான். அப்படித்தான் அவரோடு பழக்கம். விடியலில் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அவர் கீழே தெரிவார். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, கையில் சாவி. திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து குழாயின் சத்தத்தைக் கேட்பார். மாடியிலிருந்து யாராவது, "சார், எங்களுக்கு இன்னும் வரலையே" என்று குரல் கொடுப்பார்கள். காய்ச்சலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவர் நின்ற நாளிலும் அதே குரல்தான் வந்தது. "இன்னிக்கு நான் நிக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்று ஒரு ஜன்னல்கூடச் சொல்லவில்லை. கேட்டால், "சார் பார்த்துப்பார்" என்பார்கள். எங்கள் சங்கத்தின் விதிமுறைகளில் மீறப்படாத ஒரே விதி அதுதான்.

அவருடைய மனைவியை எல்லோரும் மாமி என்போம். மாமிக்கு ஓர் ஆசை இருந்தது. பெரிய ஆசையெல்லாம் இல்லை. விடியலில் பெருமாள் சன்னிதியில் திரை விலகும்போது, பசுவும் யானையும் முன்னால் நிற்க வீணை வாசிப்பார்கள். அந்த விஸ்வரூப சேவைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். அதற்காக எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து விடுதியில் தங்கி, குளிரில் வரிசையில் நிற்கிறார்கள். நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, காலனிக்குக் குடிவந்த நாளிலிருந்து இவர்களால் ஒருமுறைகூடச் சேர்ந்து போக முடியவில்லை. மாமி தனியாகப் போய் வருவார். மற்ற வேளைகளில் சாரும் கூடப் போவார். இந்த ஒரு வேளைதான் வாய்க்கவில்லை. "பெருமாளும் கார்ப்பரேஷனும் ஒரே நேரத்துல எழுந்துக்கறா, நான் என்ன பண்ணுவேன் சொல்லு" என்று மாமி என்னிடம் சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வருடம் அவர்களுடைய கல்யாண நாளை ஒட்டிப் பொதுக்குழு வந்தது. எங்கள் பொதுக்குழு குறித்த நேரத்தில் தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை. போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைத்து, அரை மணி கழித்து வந்தவர்களை வைத்து நடத்தலாம் என்று விதி இருப்பதால், எல்லோரும் அந்த அரை மணி கழித்தே வருவார்கள். அதுவரை சார் காலி நாற்காலிகளுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கூட்டத்தின் முடிவில் அவர் எழுந்து, "ஒரு சின்ன ஒத்தாசை. ஆளுக்கு ஒரு நாள் சாவியை வாங்கிண்டா எனக்கு நடுவுல கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றார். அவர் குரலில் இருந்த கூச்சத்தைக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. எல்லோரும் ஆஹா என்றார்கள். பி பிளாக் ஆடிட்டர் எழுந்து சாரின் தொண்டுள்ளத்தைப் பற்றி நெடுநேரம் பேசி, முதல் நாள் தன்னுடையது என்று அறிவித்தார். கைதட்டினோம். முறை வைத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் கும்பிடு போட்ட கைகளாக வந்து குவிந்தன.

அந்த முதல் நாள்தான் கல்யாண நாள். முந்தின நாள் மாலையே சார் ஆடிட்டர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். விடியலில் இருவரும் கிளம்பியதை நான் பார்த்தேன். மாமி அரக்குப் பட்டு, சார் பஞ்சகச்சம். "போனை வச்சுட்டுப் போங்க சார்" என்றேன். அவர் கேட்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் டி பிளாக்கிலிருந்து சத்தம் வந்தது. கீழே போய்ப் பார்த்தால் பள்ளத்தருகில் ஒருவரும் இல்லை. ஆடிட்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "எந்திரிச்சுப் பார்த்தேன் டீச்சர். குழாயில தண்ணி வந்துச்சு. சார் தொறந்துட்டாரு போலன்னு படுத்துட்டேன்." தொட்டியில் மிச்சம் கிடந்த முந்தின நாள் தண்ணீர் அது. சாவி அவருடைய கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

ஆடிட்டரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மற்றவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். கோயில் உற்சவத்தில் மண்டகப்படிக்குப் பெயர் கொடுப்பதைப் போல அந்த முறையை எடுத்துக்கொண்டோம். பெயர் நம்முடையது, வேலை செய்ய வேறு ஆள் இருக்கிறது. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். கடைசி வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது, பஞ்சகச்சத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, நெற்றித் திருமண் வியர்வையில் கலைய, சார் ஓட்டமும் நடையுமாக வந்தார். வரிசையில் சன்னிதிக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தாராம். டி பிளாக்கிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். "தண்ணிதான் வந்துடுச்சே சார், எதுக்கு வந்தீங்க?" என்றேன், கோபத்தில் கொஞ்சம் உரக்கவே. அவர் குனிந்து குழாயில் சத்தம் கேட்டார். பிறகு கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும். மாமி தனியாகத் திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து, "எங்கே ஆத்துக்காரர்னு ரெண்டு பேர் கேட்டா. வந்துண்டிருக்கார்னு சொன்னேன்" என்றார்.

அதோடு அந்த முறை நின்றுபோனது. யாரும் அதை ரத்து செய்யவில்லை. மறுநாள் விடியலில் சார் பள்ளத்தருகில் நின்றார், அவ்வளவுதான். சில வாரம் கழித்து ஒருநாள், தண்ணீர் விட்டு முடித்த பிறகு, சாவி காணாமல் போனது. சார் வீட்டு வாசலில் நின்றிருந்த சாவி, யாருக்கும் தெரியாமல் எங்கேயோ போய்விட்டது. காலனி அல்லோலகல்லோலப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு சாவியைத் திருக ஆள் கிடைக்காத காலனியில், சாவியைத் தேட மூலைக்கு மூலை ஆள் நின்றார்கள். ஆடிட்டர் காரை எடுத்தார். கூடவே ஒரு கூட்டம் ஏறிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்காரரை வீட்டிலிருந்து அழைத்து வந்து, பட்டறையைத் திறக்கவைத்து, வால்வின் தலைக்கு அளவு கொடுத்து, கம்பி வெட்டி, பற்றவைத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து, மாலைக்குள் புதுச் சாவியோடு திரும்பினார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை அதற்கு முன்னும் பின்னும் எங்கள் காலனியில் நான் பார்த்ததில்லை. அந்தப் புதுச் சாவியை ஊர்வலம்போல எடுத்துக்கொண்டு நேராக எங்கே போனார்கள் தெரியுமா? செயலாளர் சார் வீட்டுக்கு. "இனி கவலையில்ல சார், காலையில எப்பவும் போல பார்த்துக்கலாம்" என்று சொல்லி, அவர் கையில் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் வாங்கிக்கொண்டார். மாமி உள்ளே போய்விட்டார். எல்லோரும் கலைந்த பிறகு சார் என்னை மாடிப்படிவரை வழியனுப்ப வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பழசு பரண்ல இருக்கு டீச்சர். பழைய புடவையில சுத்தி வச்சிருக்கா. காத்தாலயே பார்த்துட்டேன். மாமிகிட்ட நான் பார்த்ததாச் சொல்லாதீங்கோ" என்றார். "நாளைக்கு ஒருநாள் தாங்கும்னு நினைச்சேன்" என்றார். பட்டறை திங்கட்கிழமைதான் திறக்கும், அதற்குள் விடிந்துவிடும், சாவி இல்லாததால் யாரும் தன்னைக் கேட்க முடியாது, மாமியோடு போய்விட்டு வந்துவிடலாம். பகல் முழுவதும் அவர் எங்களோடு சேர்ந்து சாவியைத் தேடியது இந்தக் கணக்கில்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர், சாவி தொலைந்ததையே தமக்குக் கிடைத்த விடுமுறையாக நம்பிக் காத்திருந்தார். அதைக்கூட நாங்கள் மாலைக்குள் கெடுத்துவிட்டோம்.

அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது கோபத்தை மறைப்பது வழக்கம். எனக்கு அது வரவில்லை. அன்று மாலை அவர் கையை நீட்டாமல் இருந்திருக்கலாம். "வேற யாராவது வச்சுக்கோங்கோ" என்று கதவைச் சாத்தியிருக்கலாம். நாலு நாள் தண்ணீர் வராமல் இருந்திருந்தால் தானாக ஓர் ஆள் கீழே இறங்கி வந்திருப்பார். அவருடைய நல்ல குணம் எங்களைச் சோம்பேறிகளாக்கியது, எங்கள் சோம்பேறித்தனம் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. நடுவில் மாமியின் காலைகள் ஒவ்வொன்றாகப் போயின. இதில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் சார் காலமானார். அந்த விடியலிலும் காலனிக்குத் தண்ணீர் வந்தது. சார் வாசலில் நின்ற சாவியை எடுத்து நான் திறந்துவிட்டு, அவர் வீட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தேன். காரியங்கள் முடிவதற்குள்ளேயே துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "சாவி எங்க மாமி இருக்கு?" என்று கேட்டார். மாமி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீ ஒருத்திதான் கேக்கலை. நீயே வச்சுக்கோ" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, சாபம் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஜன்னல்கள் என்னை நோக்கித் திறக்கின்றன. "டீச்சர், எங்களுக்கு இன்னும் வரலையே."

நேற்று மாமி வந்து, "நாளைக்கு எங்க கல்யாண நாள். விஸ்வரூபத்துக்கு நீ வரியா?" என்று கேட்டார். மாலையில் சாவியை எடுத்துப் போய் ஆடிட்டர் கையில் கொடுத்தேன். உங்கள் வீட்டுக் குழாயைப் பார்க்காதீர்கள், பள்ளத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியலில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். வரிசை நகர்ந்தது. திரை விலகியது. யானையின் மணி கேட்டது, வீணை கேட்டது, பக்கத்தில் மாமி கைகூப்பி அழுதது கேட்டது. நான் அங்கே நின்றுகொண்டு டி பிளாக் தொட்டி நிறைந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மாமி, "நன்னா சேவிச்சியா?" என்று கேட்டார். "இல்ல மாமி. மனசெல்லாம் வால்வுலதான் இருந்துச்சு" என்றேன். மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவர் வந்திருந்தாலும் இப்படித்தான் நின்னிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்துல நின்னிருப்பாரோல்லியோ" என்றார்.

திரும்பி வந்தால் வாசலில் சாவி. ஆடிட்டர் இந்த முறை திறந்துவிட்டிருந்தார். எல்லாத் தொட்டியும் நிறைந்திருந்தது. வேலை முடிந்ததும் சாவியை வைக்க வேண்டிய இடம் என் வாசல்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. காபிகூடக் குடிக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு பி பிளாக்குக்குப் போனேன். அவருடைய கதவோரம் சாய்த்து, அதே துணியை அதே இடத்தில் மடித்து வைத்து, மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் முறை முடிஞ்சிடுச்சே டீச்சர்" என்றார்.

"நாளைக்கு யாருன்னு நீங்க கேட்டு, அவங்க வாசல்ல வச்சுடுங்க சார்."

"யாரும் ஒத்துக்கலைன்னா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

செயலாளர் சார் கடைசிவரை யாரிடமும் சொல்லாத பதில் அது. சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அடுப்படி ஜன்னலையும் மூடினேன்.