ஜீப் படுதாவில் தைத்த கேமராப் பை

அந்தத் தோல் பையை நான் வாங்கியதற்கு வீறாப்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. அதுவரை என் கேமரா மஞ்சப்பையில்தான் போய் வந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் பிற்பாதி. போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். கீழே ஊருக்குள் கல்யாணம், காதுகுத்து. மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டங்களில் அழைத்தால் அதற்கும் போவேன். ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சப்பைக்குள் ஒரு பழைய துண்டைச் சுற்றி கேமராவை வைத்து, அதன் மேல் பிளாஷை வைத்துத் தோளில் மாட்டிக்கொள்வேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் பெரியப்பா என்னை வாசலிலேயே மறித்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்துவிட்டு, "காய்கறிய இப்பிடிக் கொண்டாராத. பின்னால சமையக்கட்டுக்குக் கொண்டு போப்பா" என்றார். பந்தலில் நின்றவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அடுத்த வாரமே மதுரைக்கு ரயிலேறிப் போய்விட்டேன்.

கடையில் நாலைந்து பைகளைக் காட்டினார்கள். கித்தான் பை ஒன்றும் இருந்தது, சாணி நிறத்தில். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு தோல் பை. பித்தளைக் கொக்கி, உள்ளே சிவப்பு வெல்வெட்டு, வெளியே பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு அறைகள். தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றேன். ஆள் டாக்டர் மாதிரி இருந்தான். தோல் தடிமன் எப்படி, தையல் எப்படி, மழைக்குத் தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் மனுஷன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பையைத் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"படம் எடுக்கப் போறீகளா, பொண்ணு பாக்கப் போறீகளா?"

அவள் மலையில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். "மலைக்குத் தோலு ஆகாதுங்க. எங்கய்யா செருப்பு மழை மாசத்துல பச்சையாப் பூத்துப் போயிக் கெடக்கும். படுதாத் துணியில ஒண்ணு தச்சு வாங்குங்க" என்றாள். "உனக்கென்ன தெரியும் கேமராவைப் பத்தி" என்று நான் கத்தினேன். அவள் கேமராவைப் பற்றிப் பேசவே இல்லை, பையைப் பற்றித்தான் பேசினாள். சொல் புத்தியும் இல்லை, சுய புத்தியும் இல்லை என்று என் அப்பா என்னைத் திட்டியதெல்லாம் சும்மா இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பைக்கு மரியாதை இருந்தது. ஜீப்பில் பின்னால் நின்றுகொண்டு போனவனை டிரைவர் முன்சீட்டில் உட்காரச் சொன்னார். போடிமெட்டு செக்போஸ்ட்டில், ஏலக்காய் கடத்துகிறானா என்று மஞ்சப்பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்த அதே ஆள், இப்போது கையசைத்து அனுப்பிவிட்டான். அந்த மிதப்பில் ஆறு மாதம் போனது.

ஆவணியில் ஓர் அம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். மெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. மகளுக்குக் கல்யாணம். புருஷன் மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். நாள், நேரம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்தவள், மறுபடியும் உட்கார்ந்தாள்.

"தம்பி, நீங்க எத்தன படம் வேணாலும் எடுங்க. ஒரு படத்துல மட்டும் நானும் அவளும் இருக்கணும். மாப்ளைக்குக் கோயமுத்தூர் மில்லுல சோலி. இனிமே வருசத்துக்கு ஒருவாட்டி வந்தா உண்டு. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. நான் இதுவரைக்கும் படத்துல நின்னதே இல்ல."

"அதுக்கென்னக்கா, ஜோரா எடுத்துருவோம்" என்றேன்.

கல்யாணம் தோட்டத்து லயத்தில் நடந்தது. லயம் என்றால் வேலைக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதன் முன்னால் தார்ப்பாயில் பந்தல். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த அம்மாள் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். "வேணாந் தம்பி, தாலியறுத்தவ நிக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னாள். ஸ்டூடியோவில் கேட்டவளுக்கு, இத்தனை சம்பந்தி முகங்களைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. பெண் அதைக் கேட்டுவிட்டாள். மாலையும் கழுத்துமாக எழுந்து போய்த் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மாமியார் முகம் கடுத்தது. "எடுங்கண்ணே வெரசா" என்றாள் பெண். எடுத்தேன்.

அப்புறம் பிடித்தது மழை. கடைசி ஜீப்பு போய்விட்டது. அன்று அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. என் பையைப் பார்த்தேன். தோல் ஊறிக் கறுத்து, தொட்டால் விரல் பதிந்தது.

பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் மூடிய அறைக்கு அங்கே ஸ்டோர் என்று பேர். காய் எடுப்புக் காலத்தில் ராப்பகலாக எரியும். மலையில் நனைந்தது எதுவானாலும் ஸ்டோருக்குப் போகும்: கம்பளி, குடை, பிள்ளையின் சட்டை, எல்லாம். யாரும் யோசிக்க மாட்டார்கள். நானும் யோசிக்கவில்லை. கேமராவையும் பிளாஷையும் எடுத்துத் துடைத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பையைக் கொண்டுபோய் ஸ்டோருக்குள் ஆணியில் தொங்கவிட்டேன். எடுத்து முடித்த இரண்டு பிலிம் ரோலும் நாலாவது அறையில் இருந்தன. அப்படி ஓர் அறை இருப்பதே அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

காலையில் பை அப்பளம் மாதிரி விறைத்து, மூடி மேல்நோக்கிச் சுருண்டுகொண்டிருந்தது. அப்போதுகூட ரோல் ஞாபகம் இல்லை, பைக்காகத்தான் வருத்தப்பட்டேன். ஊருக்கு வந்து இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரோலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. படச்சுருளும் அதன் பின்னாலுள்ள கறுப்புக் காகிதமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. இழுத்தேன். கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது ரோலும் அப்படியே. கழுவிப் பார்த்ததில் மணமேடைக் கால் ஒன்றும் யாரோ ஒருவரின் வேட்டியும் தேறின.

பத்து நாள் வெளியே சொல்லவில்லை. கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்று மனைவியிடமே கேட்டேன். "பொய்யச் சொன்னா படம் வந்துருமா? போயி நேர்ல சொல்லுங்க" என்றாள். தோலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

போனேன். அந்த அம்மாள் ஏலச்செடிக்குள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, சேற்றுக் கையை அவசரமாகச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் போய் ஒரு வாரமாகியிருந்தது. மாலை போட்டு மறுபடியும் எடுத்துவிடலாம் என்று உளறினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு தடவ தாலி கட்டச் சொல்றீகளா? கல்யாணம் என்ன கூத்தா?" என்றாள். குனிந்து ஒரு காயைக் கிள்ளி எடுத்துக்கொண்டே கேட்டாள். "வெதைக்குன்னு எடுத்து வச்ச காய நாங்க ஸ்டோர்ப் பக்கமே கொண்டு போக மாட்டோம் தம்பி. சூடு பட்டா முளைக்காது. சாம்பல்ல பெரட்டி நெழல்லதேன் காயப்போடுவோம். காடு மேடு அலையிற எங்களுக்கே அது தெரியும். படிச்ச ஆளு உங்களுக்குத் தெரியாதா?"

தீபாவளிக்கு மகள் வருவாளா என்று கேட்டேன். தலைதீபாவளி, வருவாள் என்றாள். "அப்ப வர்றேங்க்கா" என்றேன். "வாங்க, வராமப் போங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கீழே இறங்கிய மறுநாளே, ஜீப்புகளுக்கு மேற்கூரைப் படுதா தைக்கும் பாயிடம் போய் நின்றேன். மனைவியும் கூடவே வந்தாள், என்னை நம்பித் தனியே விட அவள் தயாராக இல்லை. பாய் தோல் பையை வாங்கிப் பார்த்து, சுருண்ட மூடியை விரலால் சுண்டினார்.

"இத எவன் மாப்ளே மலைக்குக் கொண்டு போகச் சொன்னான்?"

பழைய ஜீப் கூரை ஒன்றை எடுத்துப் போட்டார். பத்து வருஷ மழையைக் குடித்துவிட்டு ஒரு சொட்டும் உள்ளே விடாத துணி. அதில்தான் வெட்ட வேண்டும், புதுத்துணி வேண்டாம் என்றார். அடிப்பக்கத்துக்கு டயர் டியூப். மூடி ஒரு சாண் இறங்கி முன்பக்கத்தை மறைக்க வேண்டும். ஜிப் கூடாது, துருப்பிடித்துப் பாதியில் நின்றுகொள்ளும். இரண்டு பெல்ட் கொக்கி போதும். தோளில் மாட்டும் வார் நாலு விரல் அகலம், நெஞ்சுக்குக் குறுக்கே போட்டால் இரண்டு கையும் ஜீப்பைப் பிடிக்கலாம். உள்ளே எத்தனை அறை என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் என் மனைவி. "இவருக்கு ரெண்டு இருந்தா மறந்துபோகும்."

பாய் சிரித்தார். மெழுகு நூலில் தைத்து நாலாம் நாள் கொடுத்தார். அட்டு அசிங்கமாக இருந்தது. வாய் சும்மா இருக்காமல், "பாக்க நல்லா இல்லயே பாய்" என்று கேட்டுவிட்டேன்.

"அழகு உங்க படத்துல இருக்கட்டும். மழைக்கு அழகு தெரியுமா?" என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் கிளம்பினேன். மனைவி ஒரு பிடி அரிசியை வறுத்து, சின்னத் துணியில் முடிந்து பைக்குள் போட்டாள்; ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ரோலுக்கு இறுக்கமாகத் திருகும் மூடிபோட்ட டப்பா ஒன்றும் கொடுத்தாள். செக்போஸ்ட்டில் பையை முழுசாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

லயத்தில் மகளும் மருமகனும் இருந்தார்கள். கூப்பிடாமலே அந்த அம்மாள் வந்து சுவரோரமாக நின்றாள். குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். சம்பந்திகள் யாரும் இல்லை. "ரெண்டு பேரும் கேமராக் கண்ணாடியப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி மூன்று படம் எடுத்தேன். ரோலை டப்பாவுக்குள் போட்டுத் திருகி, அதைப் பைக்குள் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டி, மாட்டியதை மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். ஒரு வாய் பலகாரம்கூட இருந்து சாப்பிடாமல் இறங்கிவிட்டேன்.

ஜீப்பு நிற்கும் இடத்துக்கு நடந்து வந்த பாதி வழியில் ஓடையைத் தாண்டும்போது பாசிக்கல்லில் கால் வழுக்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாக்க விழுந்தேன். பை எனக்கடியில். எழுந்து கரையில் உட்கார்ந்தேன். முழங்கை கிழிந்து ரத்தம் ஓடியது, அதைப் பார்க்கத் தோன்றவில்லை. ஐயோ, இந்தத் தடவையும் அந்த அம்மாளிடம் போய் என்ன சொல்வேன் என்று வாய்விட்டே புலம்பினேன். இரண்டு கொக்கியையும் கழற்றினேன். மூடியைத் தூக்கினால், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். கேமரா காய்ந்திருந்தது. டப்பா காய்ந்திருந்தது. பாய் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ரோல் நன்றாகவே வந்தது. ஈரத்தோடு தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, இருட்டறைக்குள்ளேயே கத்தினேன். பிரிண்ட் போட்டபோதுதான் தலையில் கை வைத்தேன். மூன்று படத்திலும் அந்த அம்மாள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பிளாஷ் அடித்த வெளிச்சத்துக்குப் பழக்கமில்லாத கண். மகளோ ஒரு படத்தில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. இத்தனை பாடுபட்டு நான் எடுத்த லட்சணம் இது.

மகள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். இனி எடுக்கவும் முடியாது. இருப்பதில் ஒன்றை இரண்டு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையேறினேன். அந்த அம்மாள் செடிக்குள்தான் இருந்தாள். கொடுப்பதற்கு முன்னாலேயே, "கண்ண மூடிட்டீகக்கா, என் தப்புதேன், ஒரு தடவ சும்மா பிளாஷ மட்டும் அடிச்சுப் பழக்கிட்டு எடுத்திருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் தன்னை அவள் பார்க்கவே இல்லை. பக்கத்தில் கேமராவைப் பார்க்காமல் தலையைத் திருப்பித் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மகளைத்தான் பார்த்தாள்.

"இவ இப்பிடி என்னயவே பாத்துக்கிட்டு நின்னிருக்காளே தம்பி. எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே செடிகளுக்கு நடுவில் ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.